வெளிநாட்டில் தனியாக இருக்கும்போது போலீஸ் மறித்தால் செய்யக்கூடாதவை

பெங்களூர் அல்சூரில் எங்கள் எதிர் வீட்டுப் பெண் அடுத்த மாதம் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு கிளம்புகிறாள். போன வாரம் பால் வாங்கும் இடத்தில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நாலு ஊரு போயிட்டு வந்தவ, இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா" என்றார். பிக்பாக்கெட், வயிற்றுக்கோளாறு பற்றியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். காசு பறிக்கும் போலீஸ்காரரிடம் மாட்டினால் என்ன செய்யக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

2018இல் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு நகரம். இரவு பதினொன்றரை இருக்கும். சந்தையில் சாப்பிட்டுவிட்டு விடுதிக்கு நடந்துகொண்டிருந்தேன். யூனிஃபார்ம் போட்ட இருவர் பைக்கை நிறுத்தி பாஸ்போர்ட் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்து, மெதுவாகப் பித்தானைப் போட்டார். அப்புறம் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து ஓர் எண்ணைத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "விசா பிராப்ளம்" என்றார். என் விசாவில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனாலும் பதறிப்போய் பர்ஸைத் திறந்தேன். உள்ளே இருந்த டாலர் நோட்டுகளைப் பார்த்ததும் அந்த எண்ணை அழித்துவிட்டு, அதைவிடப் பெரிய எண்ணைத் தட்டினார்.

என் முதல் தவறு அவசரம். பெங்களூரில் வளர்ந்த நமக்கு "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" (கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) ரத்தத்தில் ஊறியது. சிக்னலில் டிராஃபிக் போலீஸ் பிடித்தால் இருநூறைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அந்தப் பழக்கத்தை விமானம் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. பணத்தை நீங்களாக நீட்டினால், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். பல நாடுகளில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதால் அவர் கையில் நீங்களே இன்னொரு பிடியையும் கொடுக்கிறீர்கள். பறிக்க வருபவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். நேரம் ஆக ஆக அவருக்குத்தான் சங்கடம். அதனால் நிதானமாக, மரியாதையாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: "சரி சார், ஸ்டேஷனுக்குப் போகலாம். அபராதம் இருந்தால் அங்கே கட்டுகிறேன், ரசீது கொடுங்கள்." நெம்பர் பிளேட் இல்லாத வண்டியில் மட்டும் ஏறாதீர்கள். வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் கடை வாசலுக்கு நகருங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். சில நாடுகளில் அசலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேகூட முதலில் கலர் ஜெராக்ஸை நீட்டலாம். அசலைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கையில் பிடித்தபடி காட்டுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது அதை அடமானமாக வைப்பது இன்னும் மோசம். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து, அடகு வைக்க நமக்கு உரிமையே இல்லை. ஸ்கூட்டர் ஓட்டுவதானால் ஆர்டிஓவில் ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஒரு வருடம் செல்லும். அதில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருக்கிறதா, போகிற நாடு அதை ஏற்கிறதா என்று பாருங்கள். வேப் (மின்சிகரெட்) இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை, நம் நாட்டிலும் 2019 முதல் விற்பனைக்குத் தடை. பறிக்க நினைப்பவருக்கு இதெல்லாம் லட்டு மாதிரி.

பையைச் சோதிக்க வேண்டும் என்றால் நீங்களே திறங்கள். ஒவ்வொரு பொருளாக நீங்களே எடுத்து வெளியே வையுங்கள். அவர் கை உள்ளே போனால் கண்ணை எடுக்காதீர்கள். இல்லாத பொட்டலம் அந்த நொடியில்தான் பைக்குள் வந்து சேரும். முகத்துக்கு நேரே வீடியோ எடுப்பது, கத்துவது வேண்டாம். சில இடங்களில் படம் எடுப்பதே வழக்காகிவிடும். புரியாத மொழியில் உள்ள காகிதத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிடித்து உள்ளே வைத்துவிட்டால்? 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியது என்றுதான் 2019இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். தூதரகம் வழக்கை ரத்து செய்யாது. ஆள் வந்து பார்ப்பார்கள், வக்கீல் விவரம் தருவார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் இங்கிருந்து அம்மா அப்பாவும் புகார் பதியலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். ஆளில்லாத இடம், உடம்புக்கு ஆபத்து என்று உள்ளுக்குள் தோன்றிவிட்டால் பேரம் பேச வேண்டாம். கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்காகவே கொஞ்சம் பணம் தனிப் பர்ஸில் இருக்கட்டும், மீதி வேறு இடத்தில்.

என் கடைசித் தவறு மௌனம். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். நாலைந்து வருடம் வீட்டில் மூச்சு விடவில்லை. "பொட்டப்புள்ள தனியா போனா இப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பயந்தேன். 2023 ஜனவரியில் தைவான் நடிகை ஒருவர் பாங்காக்கில் சோதனைச் சாவடியில் தன்னிடம் போலீஸ் 27,000 பாட் (தாய்லாந்துப் பணம்) பறித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். முதலில் மறுத்த போலீஸ் பிறகு ஒப்புக்கொண்டது, சம்பந்தப்பட்டவர்கள் மீது நடவடிக்கையும் வந்தது. அதைப் படித்த அன்று ராத்திரிதான் என் அம்மாவிடம் எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "சாப்பிட்டியா அன்னிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பாஸ்போர்ட், விசா, தூதரக எண் எழுதிய காகிதம், எல்லாம் மூன்று பிரதி. ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில், ஒன்று அவள் அம்மாவின் பீரோவில்.