மாற்றுத் தொழிற்சங்கத்துத் தலைவர் மறைந்தால்: மரண வீட்டிலும் அதன் பின்னரும் நடந்துகொள்ளும் முறை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அரசியல் எதிரி என்பவர் பெரும்பாலும் அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நான்கு காம்பரா (அறை) தள்ளிக் குடியிருப்பவர், ஒரே மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர், சில வேளைகளில் சம்பந்தியும்கூட. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸில் ஒன்றாக நின்ற தலைவர்கள் சௌமியமூர்த்தி தொண்டமானும் அப்துல் அஸீஸும் பின்னர் பிரிந்தார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தொழிற்சங்கத்திலிருந்து விலகிய வெள்ளையன் 1965இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். மேலே பிளவு நேரும்போதெல்லாம் கீழே லயங்களில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு சங்கங்களுக்குச் சந்தா கட்டினார்கள். ஆகையால், உங்களை எதிர்த்து நின்ற தோட்டத் தலைவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வரும்போது, ஒதுங்கி நிற்பதற்கு இடமே இருப்பதில்லை.

முதலில் கைத்தொலைபேசியைக் கீழே வையுங்கள். "அவர் செய்த அனைத்தையும் மன்னித்துவிட்டேன்" என்று முகநூலில் எழுதுவது, பதில் சொல்ல முடியாதவர்மீது சுமத்தும் குற்றச்சாட்டாகவே வாசிக்கப்படும். மன்னிப்பை ஊருக்கு அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கேதம் கேட்கப் போகும்போது சங்கத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகாமல், இரு தரப்பாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தாரிடம் நீண்ட பேச்சு வேண்டாம். அழுகை வராவிட்டால் அதற்காக வெட்கப்படாமல், இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: குழி வெட்டுவது, கூடாரம் கட்டுவது, பாதையோரத்தில் வெள்ளைக்கொடி கட்டுவது. பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது உங்கள் தோள் உண்மையிலேயே தேவைப்படும். தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில், மழை பெய்து மண் வழுக்கும் இறக்கத்தில், முன்னால் பிடிப்பவர்கள் உயர்த்தியும் பின்னால் பிடிப்பவர்கள் தாழ்த்தியும் பிடித்தால்தான் பெட்டி சாயாது. சற்று நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டியும் வரும். அப்போது யார் எந்தச் சங்கம் என்று எவரும் பார்ப்பதில்லை. குடும்பத்தார் உங்கள் வருகையை விரும்பாவிட்டால் அதை மறுபேச்சின்றி ஏற்று, மரண சகாய சங்கத்தின் வழியாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வீட்டிலேயே இருங்கள்.

மனம் இளகாத நிலையில் இவற்றைச் செய்வது பாசாங்கு ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியவில் சீதையம்மனை வணங்குகின்ற நமக்கு இதற்கான விடை புதியதன்று. இராவணன் வீழ்ந்தபின் அவனுக்குக் கிரியை செய்யத் தயங்கிய வீடணனிடம், பகை மரணத்தோடு முடிந்துவிட்டது என்று இராமன் சொன்னதாகவே கதை. இராவணன் நல்லவன் என்று அவன் சொல்லவில்லை. தப்பு தப்புத்தான், ஆனாலும் கிரியை நடக்க வேண்டும் என்பதே அதன் பொருள். கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் திகதி இறந்தோருக்காக ஜெபிக்கும்போதும், அவர்கள் குற்றமற்றவர்கள் என்று சான்றிதழ் கொடுப்பதில்லை.

இங்கே ஓர் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இழைக்கப்பட்டதை மட்டுமே நீங்கள் மன்னிக்க முடியும். அவருடைய பேச்சை நம்பி வேலை இழந்த பெண்ணின் சார்பாகவோ, தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கொடுத்த 7 பேர்ச் காணிப் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பத்தின் சார்பாகவோ மன்னிப்பு வழங்க உங்களுக்கு உரிமை இல்லை. அத்தகைய முறைப்பாடுகளைக் கருமாதி முடியும்வரை நிறுத்திவைத்து, பின்னர் இறந்தவரின் பெயரை இழுக்காமல், இப்போது பொறுப்பில் இருக்கும் சங்கத்திடமோ நிர்வாகத்திடமோ எழுத்தில் கொடுத்து முன்னெடுங்கள். கால எல்லை உள்ள வழக்காக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

தேர்தல் நெருங்கும் காலத்தில்தான் இவை அனைத்தும் கடினமாகின்றன. 2020 மே 26இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மறைந்தார்; ஓகஸ்ட் 5இல் பொதுத் தேர்தல் நடந்தது. இத்தகைய வேளையில் மேடையில் ஏறும் மாற்றுக் கட்சிக்காரர், மறைந்தவர் எடுத்த முடிவுகளை விமர்சிக்கலாம், அவருடைய வாழ்வையோ சாவையோ விமர்சிக்கக் கூடாது. கைதட்டலுக்காக அவரைத் திடீரென்று புகழ்வதும் என் பார்வையில் அவமரியாதைதான். அவருடைய மகனோ மருமகனோ அந்த இடத்துக்கு வந்தால், தகப்பனோடு இருந்த கணக்கை அவரிடம் தீர்க்கப் பார்க்காமல், அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்து ஆதரிக்கவோ எதிர்க்கவோ செய்யுங்கள்.