மொறிஸ் மைனரில் மனிஃபோல்ட் புகை கசிந்தால்

என்னிடம் இருப்பது 1959 மொறிஸ் மைனர் 1000. 948 சீசீ எஞ்சின். பெரியப்பா விட்டுப்போனது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடினமாதிரி இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியதுதான். கிளப்புவதற்கு மட்டும் காபரேற்றர் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல்; மனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் போக, புகை வெளியே வரும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதி) சூடேறியபிறகு மண்ணெண்ணெய் தானாக ஆவியாகிக் கொடுக்கும். அந்த மனிஃபோல்ட்தான் போன வருடம் என்னைப் படுத்தியது.

காலையில் கிளப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று சத்தம். கோயில் சந்தி தாண்டுவதற்குள் நின்றுவிடும். ரப்பெற் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு இடைவெளியை இரண்டு தரம் சரிபார்த்தேன். வீண்வேலை. குளிரில் கேட்டுச் சூட்டில் அடங்கி, ஏற்றத்தில் மிதித்தால் திரும்பவும் கேட்கிறதென்றால் அது பெரும்பாலும் புகைக் கசிவு. வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து இடுக்கைத் தானே மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, எங்கே கசிகிறது? இங்கேதான் நான் பிழைவிட்டேன். நேரே காஸ்கற்றை, அதாவது எஞ்சினுக்கும் மனிஃபோல்டுக்கும் இடையில் வரும் அடைப்புத் தகட்டை, மாற்றினேன். சத்தம் போகவில்லை. காஸ்கற் சரியில்லை என்று இன்னொன்று வாங்கிப் போட்டேன். அதற்கும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் கசிவு, மனிஃபோல்ட் எஞ்சினோடு பொருந்தும் முகத்திலேயே இல்லை. கீழே சைலென்சர் பைப் வந்து சேரும் கிளாம்பில். மைனரில் அந்த இணைப்பு சரிவான இரண்டு விளிம்புகளை இரு பாதி கிளாம்பால் நெருக்கிப் பிடிப்பது. கொஞ்சம் கோணினாலும் ஊதும்.

ஆகவே முதலில் சோதனை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீரை ஒரு தெளிக்கும் போத்தலில் எடுங்கள். ஒருவர் காரைக் கிளப்பி, பின்னாலே பைப் வாயைத் தடித்த துணியால் சில நொடி அரைகுறையாகப் பொத்தட்டும். நீங்கள் மனிஃபோல்ட் முகம், கிளாம்ப் இரண்டிலும் தெளியுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் வேலை. கருப்புக் கரிக் கோடும் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் கசியக்கூடிய காபரேற்றருக்குக் கீழே நெருப்பைக் கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை. இதெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள், புகையிலுள்ள நச்சுவாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மைனரின் தரைத்தகட்டில் துரு ஓட்டை இருந்தால் அது நேரே காலடிக்கு வரும்.

கிளாம்ப்தான் என்றால் பாதி நாள் வேலை. கிளாம்பைக் கழற்றி இரண்டு விளிம்பையும் கம்பித் தூரிகையால் தேயுங்கள். பைப்பை அடியில் தாங்கும் பிராக்கற்றையும் தளர்த்திவிடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறப்பது. பைப்பை ஒருவர் இலேசாக ஆட்டிக்கொண்டிருக்க, கிளாம்பின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, இரு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி முறுக்குங்கள். பிராக்கற் கடைசியில். முன்னுக்கே அதை இறுக்கினால் பைப் கோணலாகவே நிற்கும். பிராக்கற் இல்லாமலே ஓடினால் எஞ்சின் ஆடும் ஆட்டத்துக்குக் கிளாம்ப் கெதியில் தளர்ந்துவிடும். என்னுடையதில் பிராக்கற் இருக்கவே இல்லை.

முகத்தில் கசிந்தால், முதல்நாள் பின்னேரமே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பற்றரி வயரைக் கழற்றி, எயார் கிளீனர், பெற்றோல் குழாய், சோக் கேபிள், அக்சிலேற்றர் இணைப்பு எல்லாம் எடுத்தபின் காபரேற்றரை இறக்குங்கள். நட்டுக்கு அரை அங்குல ஸ்பனர்தான். 13 மில்லிமீற்றர் பொருந்துகிறமாதிரி இருக்கும், ஆனால் பித்தளை நட்டின் மூலையை உருட்டிவிடும். பித்தளை நட் போட்டதற்குக் காரணம் உண்டு: சூட்டில் இரும்பு ஸ்ரட்டோடு (எஞ்சினில் பதிந்து நிற்கும் மரையாணி) அது இறுகிப் பிடிக்காது. யாரோ இடையில் இரும்பு நட் மாட்டியிருந்தால் அங்கேதான் ஸ்ரட் முறியும். இறுகினால் அரைச் சுற்றுக் கழற்று, கால் சுற்றுப் பூட்டு, எண்ணெய் விடு, பிறகு கழற்று. ஸ்ரட் நட்டோடு சேர்ந்தே கழன்று வந்தால் சந்தோசப்படுங்கள்.

பழைய காஸ்கற்றில் கல்நார் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டவேண்டாம்; நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு மனிஃபோல்ட் முகத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். ஆறு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தகடு நுழைந்தால் முகத்தைச் சமப்படுத்த நான் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவேன். வளைந்த முகத்தில் புதுக் காஸ்கற் போடுவது காசைப் புகையாய் விடுவது. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒட்டியபடி இருப்பதால், நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்: உள்வழியின் இரண்டு வாயையும் அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் விட்டால், மறுபக்கம் ஈரம் தெரியும். தெரிந்தால் வார்ப்பிரும்பு ஒட்டத் தெரிந்த வெல்டரிடம் போகவேண்டும், அல்லது வேறு மனிஃபோல்ட் தேடவேண்டும்.

பூட்டும்போது காஸ்கற்றின் தகட்டுப் பக்கம் மனிஃபோல்டைப் பார்க்கட்டும். சிலிக்கன் பசை தடவவேண்டாம். பெற்றோல் அதைத் தின்றுவிடும். நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக முறுக்கி, 15 இறாத்தல்-அடியில் நிறுத்துங்கள். ரோர்க் ஸ்பனர் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பனர்) இல்லாதவர் குட்டை ஸ்பனரை ஒரு கையால் மட்டும் இறுக்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். சூடேறி ஆறியபின் இன்னொரு தரம். நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடியபின், காலைக் குளிரில், மூன்றாவது தரம்.

நான் மூன்றாவது தரம் இறுக்கியபோது நடு நட் ஒன்று கால் சுற்றுப் போனது.