பிறந்த குழந்தைக்கு பெட்சைட் காட்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட் படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மிச்சமிருந்தது 75 சென்டிமீட்டர் இடம். அந்த இடத்தில்தான் குழந்தை தூங்க வேண்டும், நான் எழுந்து நடக்க வேண்டும், அம்மா வெந்நீர் வாளியோடு வந்து போக வேண்டும். முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பலருக்கும் வீடு இப்படித்தான் இருக்கும் என்பதால், பெட்சைட் காட் வாங்க நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

பெட்சைட் காட் என்பது மூன்று பக்கம் உயர்ந்து, நான்காவது பக்கத்தை இறக்கிக்கொள்ள வசதியுள்ள சின்னக் கட்டில். இறக்கிய பக்கம் நம் கட்டிலோடு ஒட்டி நிற்கும், பெல்ட் போட்டு இறுக்கிவிடலாம். பிள்ளை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் தனக்கென்று ஒரு மெத்தையில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் இதன் பயன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டலும், குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. தையல் இழுக்கும்போது இரவில் நாலைந்து தடவை எழுந்து நிற்காமல், ஒருக்களித்தபடியே பிள்ளையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: உங்கள் கட்டிலை அளங்கள்

இதில்தான் நாங்கள் தவறினோம். படத்தில் அழகாக இருந்த ஒரு காட்டை இணையத்தில் ஆர்டர் செய்தோம். வந்ததும் என் வீட்டுக்காரர் பூட்டி முடித்து, கட்டிலோடு சேர்த்துத் தள்ளினார். டொக் என்று இடித்து நின்றுவிட்டது. எங்களுடையது தரைவரை அடைத்த, கீழே இழுப்பறை வைத்த டிவான் கட்டில். காட்டின் கால்களோ நம் கட்டிலுக்கு அடியில் நுழைகிற மாதிரி நீண்டிருந்தன. நுழைய இடமில்லாததால் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அம்மா உடனே ஒரு துண்டை எடுத்து, "சுருட்டி வச்சிடும்மா, சரியாப் போயிடும்" என்றார்.

அந்தத் துண்டை நான் வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. உடம்பு சரிந்து அந்த இடுக்கில் முகம் புதைந்தால், தலையைத் திருப்பி மூக்கை விடுவித்துக்கொள்ள அதற்குத் தெரியாது. துண்டு அந்த இடைவெளியை அடைத்துக் காட்டுமே தவிர, நடு இரவில் நசுங்கிக் கீழே இறங்கிவிடும். இறங்காமல் நின்றாலும், முகத்துக்குப் பக்கத்தில் மெத்தென்ற துணி இருப்பதே ஆபத்து. காட்டைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அதனால் முதலில் டேப்பை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேற்பரப்பு வரை உயரம். மெத்தை காலியாக இருக்கும்போது ஒரு தடவை, நீங்கள் படுத்திருக்கும்போது வேறொருவரை விட்டு இன்னொரு தடவை அளக்க வேண்டும். பழைய மெத்தை ஆள் படுத்ததும் நன்றாகவே அமுங்கும். இரண்டு, கட்டிலுக்கு அடியில் காட்டின் கால் நுழைய எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்பது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மெத்தைக்கு வெளியே கட்டிலின் மரச்சட்டம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்டம் 5 சென்டிமீட்டர் நீட்டினால் அந்த 5 சென்டிமீட்டரும் இடைவெளிதான்.

அப்புறம் தரையில் மிச்சமுள்ள இடம். பெட்சைட் காட்டுகள் பெரும்பாலும் 90 முதல் 100 சென்டிமீட்டர் நீளமும் 50 முதல் 70 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். எங்கள் 75-இல் அகலமான காட்டைப் போட்டால் நான் கட்டிலின் கால்மாட்டு வழியாகத்தான் இறங்க முடியும். ஆகவே ஒடுக்கமானதைத் தேடினோம்.

தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் குடும்பமா? அப்படியானால் பெட்சைட் காட் உங்களுக்குப் பொருந்தாது. நான்கு பக்கமும் மூடிய தனிக் காட் ஒன்றை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

படி 2: கடையில் கையால் சோதியுங்கள்

முடிந்தவரை நேரில் போய்ப் பாருங்கள். மிட்வேலி மாதிரிப் பேரங்காடிக்கோ, வீட்டுக்குப் பக்கத்துக் குழந்தைப் பொருள் கடைக்கோ போனால், விரித்து வைத்த காட் ஒன்றாவது இருக்கும். விற்பவர் நிறத்தையும் சக்கரத்தையும் காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மெத்தையில் கை வையுங்கள். உள்ளங்கையால் நன்றாக அழுத்தி எடுத்தால் உடனே மட்டமாக எழ வேண்டும், கைத்தடம் நிற்கக் கூடாது. நமக்கு அது பலகை மாதிரி தோன்றும். குழந்தைக்கு அந்தக் கெட்டித்தன்மைதான் வேண்டும்.

அடுத்து, மெத்தைக்கும் காட்டின் சுவருக்கும் நடுவில் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அந்தக் காட் வேண்டாம். பக்கவாட்டில் காற்றுப் போகும் வலைத்துணி இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நல்லது. படுத்தபடியே பிள்ளையைப் பார்க்கவும் முடியும்.

பக்கத்தை முழுதாக இறக்கிய பிறகும் ஒரு சிறு தடுப்பு நிற்கிறதா என்று கவனியுங்கள். ஐரோப்பிய தரமான இஎன் 1130, அதன் 2019 பதிப்பில், இறக்கிய நிலையிலும் குறைந்தது 12 சென்டிமீட்டர் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. "தடுப்பே இல்லை, இரண்டும் ஒரே படுக்கை மாதிரி" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதை வாங்காதீர்கள். பிள்ளை நம் படுக்கைப் பக்கம் உருண்டு வந்துவிடாமல் நிறுத்துவது அந்தத் தடுப்புதான். காட்டின் பெட்டியிலோ அடிப்பக்க லேபிளிலோ இந்தத் தர எண் அச்சிட்டிருக்கும்.

சில காட்டுகளில் தலைமாட்டுக் கால்களை மட்டும் உயர்த்திச் சாய்வாக வைக்கலாம், பால் எதுக்களிக்காது என்பார்கள். அதற்காகக் கூடுதலாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம். சாய்வில் தலை முன்னால் விழுந்து, முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் சாதனங்களை 2022-இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள், சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் சேர்த்து.

படி 3: பூட்டிப் பொருத்துங்கள்

பிரசவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பூட்டிவிடுங்கள். புதுத் துணி வாசமும் போகும், குறை இருந்தால் மாற்றவும் நேரம் கிடைக்கும். உயரத்தை இரு பக்கக் காலிலும் ஒரே எண்ணில் வையுங்கள். தடுப்பின் மேல் விளிம்பு, நீங்கள் படுத்திருக்கும்போது உங்கள் மெத்தைக்குச் சமமாக வந்தால் சரி. கூடவே கையேட்டில் இருக்கும் அளவையும் ஒரு தடவை பாருங்கள்.

பெல்ட்டை மெத்தைக்கு அடியில் கொண்டுபோய், கட்டிலின் மறுபக்கச் சட்டத்தில் சுற்றிப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு இடுப்பால் காட்டைத் தள்ளுங்கள், இழுங்கள். விரல்கூட நுழையக் கூடாது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கும் முன் அந்த இடத்தில் கை ஓட்டிப் பார்ப்பார். ஓடுபோட்ட தரையில் காட் வழுக்கும், பெல்ட் நாளாக ஆகத் தளரும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவர் விரல் உள்ளே போனது. அன்றே மறுபடி இறுக்கினோம். காட்டைத் தனியாக எங்காவது நகர்த்தினால் பக்கத்தை மேலே ஏற்றிப் பூட்டாமல் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

படி 4: உள்ளே என்ன வைப்பது

இறுக்கமான விரிப்பு ஒன்று, மல்லாக்கப் படுத்த பிள்ளை ஒன்று, அவ்வளவுதான்.

பெரியவர்களோடு பேசிப் புரியவைக்க வேண்டியது இந்த இடத்தில்தான். தலை உருண்டையாக வரட்டும் என்று அத்தை கடுகுத் தலையணை தைத்து வைத்திருந்தார். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு வைக்கிறேன் என்றேன். அவர் வருத்தப்படவில்லை. மல்லாக்கப் படுத்தால் பால் எதுக்களித்து மூச்சு அடைக்குமே என்ற பயம் அம்மாவுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த கிளினிக் மிஸி தமிழிலேயே விளக்கினார்: மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. மேலே வரும் பால் கீழேதான் இறங்கும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பாதி அளவுக்குக் குறைந்தன.

தாயத்துக் கயிறு கழுத்தில் வேண்டாம், காட்டிலும் தொங்க வேண்டாம். ஜன்னல் திரைக் கயிறு எட்டாமல் சுருட்டிக் கட்டுங்கள். ஏர்கோன் காற்று நேராகப் பிள்ளை மேல் விழாத பக்கமாகக் காட்டைப் போடுங்கள். போர்வைக்குப் பதில் பருத்திச் சட்டையே போதும். வியர்க்கிறதா என்று பிடரியில் தொட்டுப் பாருங்கள், கைகால் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும்.

டெங்கி பயம் எல்லோருக்கும் உண்டு. ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான், அதிலும் காலையிலும் மாலையிலும், கடிக்கிறது. காட்டின் மேல் தொளதொளவென்று கொசுவலையைப் போர்த்தாமல், ஜன்னலுக்கு வலை அடித்துவிடுவது மேல்.

வாரம் ஒரு தடவை மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். கோலாலம்பூர் ஈரத்துக்குக் கரும்பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

தொட்டிலா, காட்டா?

இரண்டும் எங்கள் வீட்டில் இருந்தன. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, அம்மா தாலாட்டுப் பாடி, ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தொட்டிலில் பிள்ளையைப் போட்டோம். அந்த நாளை நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் துணித் தொட்டிலில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சுக்கு வரும். அதனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தொட்டில், கண் அசந்ததும் தூக்கிக் காட்டில் மட்டமாகப் படுக்க வைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

படி 5: எப்போது நிறுத்துவது

பிள்ளை கையையும் முழங்காலையும் ஊன்றி எழப் பார்த்தாலோ, பிடிமானமின்றி உட்கார்ந்தாலோ அன்றோடு பெட்சைட் காட் முடிந்தது. பலருக்கு 5, 6 மாதத்தில் வந்துவிடும். லேபிளில் இருக்கும் எடை வரம்பையும் பாருங்கள், 9 கிலோ என்று பலவற்றில் இருக்கும். இந்த வளர்ச்சியோ எடையோ, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போதே இதன் ஆயுளில் பாதிக்கு மேல் போயிருக்கும். கையில் பணம் இறுக்கமாக இருந்தால், இரண்டு வயதுவரை வரும் பெரிய காட்டை முதல் நாளிலிருந்தே உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

உறவில் யாராவது பழையதைத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எல்லாத் திருகாணியும், இரண்டு பெல்ட்டும், அதற்கென்றே வந்த மெத்தையும், கையேடும் இருந்தால் மட்டும். வலையில் கிழிசலோ, பூட்டில் தளர்ச்சியோ இருந்தால் வேண்டாம். எங்களுடையது இப்போது காஜாங்கில் என் சித்தி மகள் வீட்டில் இருக்கிறது. பிரித்தபோது திருகாணிகளையும் கையேட்டையும் ஒரே பையில் போட்டுக் காட்டின் காலில் கட்டினேன். மேலே எங்கள் கட்டிலின் உயரத்தை எழுதி, அதன் கீழே அவள் கட்டிலின் உயரத்துக்கு ஒரு கோடு விட்டேன்.