அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகள்: நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். 2012-ல் சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகள், 2022-ல் யுவால்டேயில் 19 குழந்தைகள். மறக்கக்கூடிய கொடுமை இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து மொத்தப் பிரச்சினையையும் அளப்பதுதான் முதல் தவறு. 2022-ல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் 27,000-க்கும் மேற்பட்டவை தற்கொலைகள், ஏறத்தாழ 19,600 கொலைகள். பொது இடத்தில் ஒரே நேரத்தில் பலரைச் சுட்டுக் கொல்லும் சம்பவங்களுக்கு இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்குதான். மற்றச் சாவுகள் வீட்டுக்குள்ளும் தெருமுனையிலும், டிவி கேமரா போகாத இடங்களில் நடக்கின்றன.

பள்ளிக்கூடக் கொலைகளை மட்டும் பார்ப்பதால்தான் நம் கோபம் முழுக்க, அவற்றையொட்டிப் பேசப்படும் ஏஆர்-15 ரைஃபிளோடு நின்றுவிடுகிறது. ஒரே நிமிடத்தில் பலரைக் கொல்லக்கூடிய ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வகைத் துப்பாக்கி என்று தெரிந்த கொலைகளில் மிகப் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. அது யார் கைக்கு, எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று கேட்காத சட்டம் அரைகுறைச் சட்டம்.

தற்கொலை பற்றி ஒரு பேச்சு உண்டு: "சாகணும்னு நினைச்சவங்க எப்படியும் சாவாங்க." இருக்கிற தவறுகளிலேயே அதிக உயிரைக் குடிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்றது. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. யாருடைய மனதையும் மாற்றவில்லை, துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான். வாங்கிய துப்பாக்கி கையில் வரச் சில நாள் காத்திருக்க வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்ற விதிகளுக்கு அடிப்படை இதுவே. (அமெரிக்காவில் இருக்கும் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் வந்தால், 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

அப்புறம், எல்லாவற்றையும் மனநோய் தலையில் கட்டுவது. மனச்சோர்வும் மனச்சிதைவும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன. இத்தனை துப்பாக்கிச் சாவுகள் வேறெந்தப் பணக்கார நாட்டிலும் இல்லை. பார்க்க வேண்டியது நோயின் பெயரை அல்ல, ஒருவர் விடுக்கும் மிரட்டலையும் நடந்துகொள்ளும் விதத்தையும். 2018-ல் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பொதுவாக எதிர்க்கும் குடியரசுக் கட்சி ஆண்ட ஃபுளோரிடாவே அப்படிப்பட்ட சட்டம் கொண்டுவந்தது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம்.

"சிகாகோவில் சட்டம் இருந்தும் தினம் சாகிறார்களே, குற்றவாளி சட்டத்தை மதிப்பானா?" என்று கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. சிகாகோவிலிருந்து சிறிது தூரம் காரில் போனால் இண்டியானா மாநிலம், அங்கே விதிகள் தளர்வு. உரிமம் பெற்ற கடைக்காரர்தான் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால், பல மாநிலங்களில் அந்தச் சோதனையே இல்லை. கடையிலும் ஓட்டை உண்டு. மத்தியச் சட்டப்படி, 21 வயது நிரம்பியவரைப் பற்றிய சோதனைக்கு மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த வழியில்தான்.

சட்டம் வேலை செய்யுமா என்று பார்க்க இரண்டு மாநிலங்கள் போதும். கனெக்டிகட் 1995-ல், கைத்துப்பாக்கி வாங்கப் பயிற்சியும் முன் அனுமதியும் கட்டாயம் என்றது. மிசௌரியோ தன்னிடம் இருந்த முன் அனுமதி முறையை 2007-ல் ரத்து செய்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, முதல் மாநிலத்தில் துப்பாக்கிக் கொலைகள் குறைந்திருந்தன, இரண்டாவதில் கூடியிருந்தன.

அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் எந்தக் கட்டுப்பாட்டையும் அனுமதிக்காது என்பதும் தவறு. ஆயுதம் வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று 2008-ல் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் அதே ஹெல்லர் தீர்ப்பு, அது வரம்பற்ற உரிமை அல்ல என்றும் சொன்னது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை விதிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது.

எதிர்ப்பக்கத்துத் தவறு, "ஆஸ்திரேலியா மாதிரி எல்லாவற்றையும் வாங்கி அழித்துவிடலாம்" என்பது. அங்கே 1996-க்குப் பிறகு திரும்பப் பெற்றவை சுமார் 6.5 லட்சம். அமெரிக்க மக்களிடம் இருப்பவை, 2018-ல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, 39 கோடிக்கும் மேல். "பறிக்க வருகிறார்கள்" என்ற பயத்தைத்தான் அந்தப் பேச்சு கிளப்பும். அனுமதி, சோதனை, காத்திருப்பு, பூட்டு இவற்றை நேர்மையான துப்பாக்கிக்காரர்கள் பலரும் ஏற்கிறார்கள்.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: கேட்கக் கூச்சப்படுவது. 2020 முதல் அந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகுமுன், நாய் இருக்கிறதா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் சொல்கிறோமே, அதோடு சேர்த்து, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? தோட்டா இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். குழந்தை மருத்துவர்களே இதைக் கேட்கச் சொல்கிறார்கள். பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே துப்பாக்கிப் பூட்டு இலவசமாகக் கிடைக்கும், அதையும் சொல்லலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால், சரி, அந்தப் பையனை உங்கள் வீட்டுக்கு விளையாட அழையுங்கள்.