உப்புக்கடலை: எங்கே தவறுகிறோம்?

உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 585 கலோரி, 24 கிராம் புரதம், 50 கிராம் கொழுப்பு, 8 கிராம் நார்ச்சத்து இருக்கின்றன. அந்தப் புரதத்தை மட்டும் நினைத்துக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்துக் கொறிப்பதுதான் பெரிய தவறு. ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், 7 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முட்டைக்கு 75 கலோரி என்றால் இதற்கு 175. கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுங்கள்.

எண்ணெயில் பொரித்ததா, மணலில் வறுத்ததா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. கலோரியில் வித்தியாசம் 100 கிராமுக்குப் பத்துப் பதினைந்துதான், ஏனென்றால் எண்ணெய் கடலைக்குள்ளேயே இருக்கிறது. அதில் பெரும்பங்கு, இதயத்துக்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பு. கொலஸ்ட்ரால் அறவே கிடையாது.

பார்க்க வேண்டியது உப்பைத்தான். பாக்கெட்டில் ‘சோடியம்’ என்று போட்டிருக்கும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும். பலர் சோடியத்தையே உப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள். குழம்பு, ஊறுகாய், அப்பளம் போக மிச்சம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் வறுத்தால் உப்பு நம் கையில். 250 கிராம் கடலைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, அது முழுக்க ஒட்டினால், ஒரு கைப்பிடியிலேயே 0.6 கிராம் உப்பு. அரை டீஸ்பூனே போதும். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துப் பிசறி, கால் மணி நேரம் உலரவிட்டு, இரும்புச் சட்டியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் தோல் கருகிவிடும், உள்ளே பச்சை வாடை நிற்கும். பழுப்பாகும்வரை காத்திருக்காதீர்கள், இறக்கிய பிறகும் சட்டியின் சூட்டில் நிறம் ஏறும். ஒன்றைப் பிளந்து, உட்புறம் வெளிர் பொன்னிறமாக இருந்தால் உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூட்டோடு அடைத்தால் ஆவி வேர்த்து நமுத்துப்போகும். வறுக்கும்போது பி3 வைட்டமினான நயாசினும் தாதுச்சத்தான மெக்னீசியமும் பெரும்பாலும் தங்கும். பி1 வைட்டமினான தயமினும் பி9 வைட்டமினான ஃபோலேட்டும் குறையும். கருக வறுத்தால் இழப்பு இன்னும் அதிகம். சிவப்புத் தோலை ஊதித் தள்ளாமல் சாப்பிடுங்கள், பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சத்துகள் அதில்தான் செறிந்திருக்கின்றன.

“வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொத்தைக் கடலையைச் சட்டியில் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது அது. வறுக்கும் சூட்டில் ஒரு பகுதி குறையுமே தவிர, முழுக்க அழியாது. சூம்பியது, நிறம் மாறியது, இரண்டு பருப்புக்கும் நடுவே பச்சையோ கறுப்போ படிந்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன்பே பொறுக்கி எறியுங்கள். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். காறல் வாடை வேறு சங்கதி: அது எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டதன் அடையாளம். உப்பு அதை மறைத்துவிடும் என்பதால் முதலில் முகர்ந்து பாருங்கள். வறுத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு, உப்பில்லாமல் வறுத்து நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.