நைஞ்ச, இத்த, உளுத்த: எதுக்கு எதைப் போடணும்?

புதுசா தமிழ்ல எழுதப் பழகுறவங்க கதையில ஒரு பாழடைஞ்ச வீடு வந்துட்டா பழைய கதவு, பழைய பாய், பழைய சட்டைன்னு எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுத் தள்ளிடுறாங்க. பழையங்கறது வயசை மட்டும்தான் சொல்லும், கெட்டுப்போச்சா இல்லையான்னு சொல்லாது.

முதல் ஸ்டெப், பொருளைக் கெடுத்தது எதுன்னு பாருங்க. உரசி உரசி கெட்டிருந்தா தேஞ்ச: தேஞ்ச செருப்பு, தேஞ்ச அம்மி (அதுக்காகத்தான் அம்மி கொத்துறவங்க தெருவுல கூவிட்டுப் போவாங்க). டயருக்கு மட்டும் நம்ம ஆளுங்க மொட்டை டயர்னுதான் சொல்லுவாங்க. மரத்தைப் பூச்சி உள்ளாரத் துளைச்சு மாவா கொட்ட வச்சிருந்தா உளுத்த, ஓலைச்சுவடியைக் கரையான் தின்னிருந்தா செல்லரிச்ச, ஈரத்துல கெடந்து போன பேப்பருக்கு மக்கின.

ரெண்டாவது ஸ்டெப் துணி, இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் தெரியிற அளவுக்கு இழை மெலிஞ்சு, ஆனா இன்னும் கிழியாம இருந்தா அது நைஞ்ச துணி, தோய்ச்சுத் தோய்ச்சுப் போட்ட வேட்டி இப்படித்தான் ஆகும். இத்தது வேற. பீரோவுல பட்டுப்புடவையை மடிப்பு மாத்தாம வருசக்கணக்கா வச்சிருந்தா பார்க்க பளபளன்னு நல்லாதான் இருக்கும், கையில எடுத்து லேசா இழுத்தா மடிப்பு வாக்குலயே சர்ர்னு பிரிஞ்சு வரும் பாருங்க, அது இத்துப்போன புடவை. கிழிஞ்சு தொங்க ஆரம்பிச்சாச்சுன்னா கந்தல், கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்ற அதே கந்தைதான். சங்க இலக்கியமான பொருநராற்றுப்படையில வர்ற ஏழைப் பொருநன் (பாடிப் பிழைக்கிற கலைஞன்) உடுத்தியிருந்ததுக்கு 'துன்னல் சிதாஅர்'னு பேரு, அதாவது வேற நூலை நுழைச்சுத் தைச்சுத் தைச்சு ஒட்டுப்போட்ட கந்தல், ரெண்டே வார்த்தையில அவன் வறுமை மொத்தமும் வந்துடுது.

மூணாவது, எழுத்துல போடும்போது வடிவம் மாறும். நைஞ்சங்கறது நைந்த, தேஞ்சங்கறது தேய்ந்த, இத்தங்கறது இற்ற (காற்று காத்தான மாதிரி இற்று இத்து ஆச்சு). இற்றன்னு தனியா எழுதுனா பலருக்குப் புரியாது, இற்றுப்போனன்னு எழுதுங்க. வசனத்துல பேச்சு வடிவத்தையே விடுங்க, 'கயிறு இற்றுப்போயிற்று'ன்னு கிணத்தடியில யாரும் கத்த மாட்டாங்க.

கடைசியா, பொருளை விட்டு மனுசங்க பக்கம் போகும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. நைந்த மனசுன்னா இரக்கம் வரும். உளுத்துப்போன கொள்கைன்னா மேடையில திட்டுறது. 'இத்துப்போன பய'ன்னா நேரடியா வசவு, அதை மாமனார் வாயில வைக்கிறதா இருந்தா அடுத்த சீன்ல சண்டையையும் எழுதி ரெடியா வச்சுக்கங்க.