பதினேழாம் நூற்றாண்டு சுவீடன் அரசாணையை வாசிப்பது எப்படி?

முதல் வேலை தேதியைச் சரிசெய்வது. அந்த நூற்றாண்டு முழுதும் சுவீடனில் ஜூலியன் நாள்காட்டிதான். இன்று நாம் பின்பற்றும் கிரெகோரியன் கணக்குக்கு அது 10 நாள் பின்னால் ஓடியது. லுட்சன் போரில் சுவீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் இறந்த நாள் சுவீடன் ஏட்டில் 1632 நவம்பர் 6. புதிய கணக்கில் நவம்பர் 16. இதைக் கவனிக்காமல் இரு கணக்கிலும் தேதியிட்ட கடிதங்களை அடுக்கினால், பதில் முன்னால் வந்து கேள்வி பின்னால் நிற்கும்.

அடுத்து கையொப்பத்தைப் பாருங்கள். தந்தை குஸ்தாவ் அடால்ஃப் இறந்தபோது, அடுத்து அரசியான கிறிஸ்டினாவுக்கு 6 வயதுகூட நிறையவில்லை. 1644 டிசம்பரில் அவர் பொறுப்பேற்கும்வரை ஆணைகள் அவர் பெயரில் போனாலும், ஆட்சி நடத்தியது ஐந்து பேர்தான். அதற்கான சட்டகம், 1634 ஜூலை 29 தேதியிட்ட ஆட்சிமுறை ஆவணம். அதன் மூளை சான்சலர் ஆக்செல் ஊக்சென்ஷேர்னா.

அந்த ஐவரும் ஆளுக்கொரு 'கொலேகியம்' நடத்தினார்கள். அகராதியை நம்பி இதைக் 'கல்லூரி' என்று எழுதிவிடாதீர்கள்; இது கூடி முடிவெடுக்கும் குழு. ட்ரோட்ஸ் எனும் தலைமை நீதி அதிகாரிக்கு நீதிமன்றம், மார்ஸ்க் எனும் படைத்தலைவருக்குப் படை, அட்மிரலுக்குக் கடற்படை, சான்சலருக்குக் கடிதப் போக்குவரத்தும் வெளியுறவும், கருவூலத் தலைவருக்கு வரவுசெலவு. தலைமை ஏற்றவர் இன்றைய அமைச்சர்போலத் தனியாக ஆணையிட்டவர் அல்ல. உறுப்பினர்களோடு உட்கார்ந்து முடிவெடுத்தவர். பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு முடிவை ஊக்சென்ஷேர்னா எடுத்தார் என்று எழுதுமுன் குழுவின் நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

மேல்முறையீட்டு வழக்கு என்றால் ஊரைக் கவனியுங்கள். ஸ்டாக்ஹோமில் 1614 முதல், பின்லாந்தின் ஓபோவில் (இன்றைய துர்க்கு) 1623 முதல், டோர்பாட்டில் (இன்றைய எஸ்டோனியாவின் தார்த்து) 1630 முதல், யான்ஷேப்பிங்கில் 1634 முதல் உயர்நீதிமன்றங்கள் இருந்தன. பின்லாந்து வழக்கை ஸ்டாக்ஹோம் ஏடுகளில் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். அது ஓபோவுக்குப் போயிருக்கும்.

புதிய வரி பற்றிய தாள் என்றால் பிரபுக்கள், குருமார், நகரத்தார், உழவர் என்ற நான்கு பிரிவினர் கூடிய ரிக்ஸ்டாக் எனும் நாடாளுமன்றத்தின் முடிவோடு ஒப்பிடுங்கள்.

தாள் 1680-க்குப் பிந்தியதா? அப்படியானால் 1634 ஆவணத்தைக் காட்டி மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு இருந்தது என்று வாதிட முடியாது. எந்த ஆட்சிமுறை ஆவணமும் பதினொன்றாம் கார்லைக் கட்டாது என்று 1680-இல் ரிக்ஸ்டாகே அறிவித்துவிட்டது. கொலேகியங்கள் மட்டும் தொடர்ந்து இயங்கின. எனவே எந்தக் குழு என்று பார்க்கும் முறை அதற்குப் பிறகும் பொருந்தும்.